ஜோடிப் படம், மூணு காப்பி

ஏட்டு அருளானந்தத்துக்கு ரிடையராக இன்னும் மூன்று மாதம் இருந்தது. எண்பத்தொன்றாம் வருஷத்துப் பங்குனி வெயில் அப்போதுதான் உறைக்கத் தொடங்கியிருந்தது. போலீஸ் தலைமை ஆபீசில் பென்ஷன் காகிதம் பார்க்கிற கிளார்க் கோவிந்தராசு அவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். கோவிந்தராசு காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளூர்க் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பட்டென்று கேட்டிருக்க மாட்டார்.

"ஏட்டய்யா, ரெண்டு விஷயம் நீங்கதான் சொல்லணும். பென்ஷன்ல ஒரு பங்க முன்கூட்டியே மொத்தமா வாங்கிக்கிறீங்களா, இல்ல மாசாமாசம் முழுசாவே போதுமா? அது ஒண்ணு. ரெண்டாவது, குடும்ப பென்ஷன். உங்களுக்கப்பறம் வீட்டம்மாவுக்குப் போறது. அதுக்கு நீங்களும் அம்மாவும் சேந்தாப்புல ஒரு படம் வேணும். மூணு காப்பி."

"சேந்தாப்புலயா?"

"பின்ன? தனித்தனியா எடுத்து ஒட்டுனா ஒத்துக்க மாட்டாங்க. ஜோடியா ஒக்காந்து எடுக்கணும்."

அருளானந்தம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அம்மா இல்லன்னா?"

"தவறிட்டாங்களா?"

"இல்ல, இருக்கா. முதலியார்பேட்டையில இருக்கா."

கோவிந்தராசு பேனாவைக் கீழே வைத்தார். கோர்ட்டில் ஏதாவது தீர்த்துக்கொண்டீர்களா என்று கேட்டார். எங்கள் வேதத்தில் அந்த வழக்கமே இல்லை என்றார் அருளானந்தம். அப்படியானால் அந்த அம்மாதான் பெண்சாதி, படமெடுத்துத்தான் ஆக வேண்டும், அல்லது 'குடும்பம் இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும் என்றார் கோவிந்தராசு. சொல்லிவிட்டுக் காகிதத்தையும் பேனாவையும் எதிரே தள்ளினார்.

முப்பத்தைந்து வருஷ சர்வீசில் அருளானந்தம் சொல்லாத பொய்யா? கண்ணால் பார்க்காத திருட்டைப் பார்த்தேன் என்று கோர்ட்டில் சத்தியம் பண்ணிச் சொன்னவர். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் அதைப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை மறுபடி கூண்டில் ஏறுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தார்.

அவர் பிரெஞ்சுக்காரன் காலத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர். கொமிசேர் துரை முன்னால் விறைத்து நின்று 'பொன்ழூர் முசே' என்றவர். கொடி மாறியது, துரைமார் மாறினார்கள், தலையிலிருந்த சிவப்புத் தொப்பி மட்டும் மாறவில்லை. முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் தனி அறையில் குடியிருந்தார். காலையில் தானே கஞ்சி போட்டுக்கொள்வார், மத்தியானம் கிளப்புக்கடையில் சாப்பாடு, ராத்திரி பன்னும் டீயும். வீட்டுக்காரர் கடலூரில் இருந்தார். பக்கத்து அறையில் நூல் மூட்டை போட்டுப் பூட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. இருந்தும், ஸ்டேஷன் என்று ஒன்று இருந்ததால் அது இத்தனை நாளும் பெரிதாகத் தெரியவில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அப்படியில்லை. ஞானமேரி இருந்தாள், பின்கட்டோடு நல்ல வீடு இருந்தது, குழந்தை இல்லை என்பது ஒன்றுதான் குறை. அறுபத்தேழில் மில் ஸ்ட்ரைக்கு வந்தது. ஞானமேரியின் தம்பி ஆரோக்கியம் மில்லில் வேலை செய்தவன். மில் கேட்டில் கல் எறிந்த கேசில் அவன் பெயரும் சேர்ந்தது. அவன் வேறு எங்கே போவான், அக்காள் வீட்டுக்குத்தான் வந்து பதுங்கினான். போலீஸ்காரன் வீட்டில் போலீஸ் தேடாது என்று நினைத்தான் பாவம். இன்ஸ்பெக்டருக்குச் சேதி தெரிந்துவிட்டது. "உன் மச்சினன்தானே, நீயே போய்க் கூட்டிட்டு வந்துடு, கவுரவமா இருக்கும்" என்று அருளானந்தத்தையே அனுப்பினார்.

அருளானந்தம் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆரோக்கியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வஞ்சிர மீன் குழம்பு. ஞானமேரி கரண்டியோடு நின்றாள். அருளானந்தம் "வா" என்றார். அவனுக்குப் புரிந்துவிட்டது. தட்டிலிருந்து எழுந்து, "கை கழுவிட்டு வந்துடறேன் மாமா" என்றான்.

கிணறு பின்கட்டில் இருந்தது. பின்கட்டுச் சுவர் இடுப்பு உயரம். இது வீட்டுக்காரனாக அருளானந்தத்துக்குத் தெரிந்த விஷயம், ஆனால் அன்றைக்கு யோசித்தது போலீஸ்காரன். "கழுவ வேணாம், அப்படியே வா" என்று அவன் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அந்த மத்தியான வெயிலில், வலது கையில் சோறும் குழம்பும் காய்ந்து ஒட்டியிருக்க, ஆரோக்கியம் தெரு முழுக்க அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தான். ஜனங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் ஞானமேரி டிரங்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். "புடிச்சிட்டுப் போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, அது உங்க வேலை" என்றாள். "சோத்துல கை வெச்சவன எழுப்பிட்டீங்களே. என் கையால போட்ட சோறு." அவ்வளவுதான் பேச்சு. பிறகு அவளை யார் வீட்டுச் சாவிலாவது, வில்லியனூர் மாதா தேரிலாவது தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இவரும் நாளைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று பதினாலு வருஷத்தைத் தள்ளிவிட்டார். திருடனைத் தேடி விழுப்புரம் வரை சைக்கிளில் போனவருக்கு ரயில்வே கேட்டைத் தாண்டி முதலியார்பேட்டை போகக் கால் வரவில்லை.

இப்போது போயே தீர வேண்டும். ஆனால் அருளானந்தம் அப்போதும் போகவில்லை. இவ்வளவு காலமும் ஒரு ஆள் வேண்டுமென்றால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டே பழக்கம். முதலியார்பேட்டைப் பக்கம் பீட்டு பார்க்கிற கான்ஸ்டபிள் கொளஞ்சியைப் பிடித்து, "ஞாயித்துக்கெழம வீட்ல இருப்பாங்க. போயி, நான் கேட்டேன்னு பதமா சொல்லு. படம் ஒண்ணு எடுக்கணும், அவ்ளோதான்" என்றார்.

கொளஞ்சி நல்லவன்தான். வயது நாற்பதுக்கு மேல், தொப்பையும் அதே அளவுக்கு. ஆனால் பதமாகச் சொல்வது என்றால் என்ன என்று போலீசில் யாரும் அவனுக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சரியாகச் சாப்பாட்டு வேளையில், சிவப்புத் தொப்பியும் லட்டியுமாகப் போய் நின்று, லட்டியாலேயே கதவைத் தட்டி, "இங்க ஞானமேரி யாரு? ஏட்டய்யா வரச் சொன்னாரு, போட்டோ புடிக்கணும்" என்றான்.

போலீஸ் யாரைப் போட்டோ பிடிக்கும்? முடிச்சவிழ்க்கிறவனை நெஞ்சில் நம்பர் பலகை மாட்டிப் பிடிக்கும். உள்ளே ஆரோக்கியம் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தான். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவன், காதோரம் நரைத்துவிட்டது. சூடு கண்ட பூனை அல்லவா, வாசலில் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் தட்டை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடிச் சுவரேறிக் குதித்தான். ஓடுகிறவனைக் கண்டால் துரத்துவதுதான் கொளஞ்சியின் வழக்கம். எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, விசிலை ஊதிக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடினான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"சேதிய சொல்லிட்டேன் ஏட்டய்யா" என்று மூச்சு வாங்க வந்து நின்றான். "ஆனா அந்தாளு கீழ வுழுந்து கால் பெசகிப் போச்சு. நானே கைத்தாங்கலா வீட்ல கொண்டுபோய் வுட்டேன். அந்தம்மா என்னிய ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க, நான் செத்தேன்."

அருளானந்தம் அவனைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? அனுப்பினது யார்? பதினாலு வருஷத்துக்கு முன்னால் தானே நேரில் செய்ததை இப்போது ஆளை வைத்துச் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் சாயங்காலம் கிளம்பினார். உடுத்திக்கொள்ள என்று பெட்டியைத் திறந்தால் காக்கியைத் தவிர ஒன்றும் இல்லை. அடியில், சாவு வீடுகளுக்குப் போகும்போது கட்டுகிற ஒரு வேட்டி இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் சுளுக்குத் தைலமும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் போனார். தொப்பி இல்லாத தலையில் காற்றுப் பட்டது. வழியில் பழக்கமான இரண்டு பேருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. ஆரோக்கியம் காலில் பற்றுப் போட்டுக்கொண்டு கட்டிலில் நீட்டியிருந்தான். அவன் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஜெயிலுக்குப் போய் வந்து மில் வேலையும் போனவனுக்கு அன்றைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். ஞானமேரி கன்னியர் மடத்துச் சமையல்கட்டுக்குப் போய்வந்தாள். அக்காளும் தம்பியுமாகக் காலம் ஓடியது.

"வாங்க ஏட்டய்யா" என்றான் ஆரோக்கியம். "நேத்து ஆளு வந்தாரு. இன்னிக்கி நீங்களே வந்துட்டீங்க. எந்திரிச்சி ஓட முடியாது, காலு வீங்கியிருக்கு."

அருளானந்தம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பென்ஷன், குடும்ப பென்ஷன், ஜோடிப் படம், 'குடும்பம் இல்லை' என்கிற அந்த வரி, தன்னால் அதை எழுத முடியாமல் போனது. சாட்சி சொல்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். ஞானமேரி அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். தலை பாதி வெளுத்துவிட்டது. நிற்கிற விதம் மட்டும் அப்படியே இருந்தது.

"நீங்க போற காலத்துல வர்ற பணத்துக்கு நான் இப்பவே வந்து பக்கத்துல ஒக்காரணுமா?" என்றாள். "எனக்கு வேணாம். கையும் காலும் நல்லாதான் இருக்கு."

"வேணாம்னா விட்டுடு. ஆனா இல்லன்னு என்னால எழுத முடியல ஞானம்."

 ஆரோக்கியம்தான் தொண்டையைக் கனைத்தான்.

"அன்னிக்கிக் கை கழுவ வுட்டிருந்தா நான் ஓடியிருப்பேனான்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

"தெனம் யோசிச்சேன்."

"ஓடித்தான் இருப்பேன்" என்றான் ஆரோக்கியம். "சொவரு எவ்ளோ ஒசரம்னு நானும் பாத்துதான் வெச்சிருந்தேன். இருந்தாலும் நீங்க வுட்டிருக்கணும் மாமா."

மாமா என்ற சொல் அவன் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அருளானந்தம், "வுட்டிருக்கணும். தப்புதான்" என்றார். அதைச் சொல்ல இவ்வளவு காலம் ஆனது எதற்காக என்று அவருக்கே விளங்கவில்லை. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆரோக்கியம் அக்காள் பக்கம் திரும்பினான். "போயி எடுத்துக்கக்கா. எனக்கும் வயசாவுது. பட்டறையில எனக்கு ஒண்ணுன்னா ஒனக்கு யாரு இருக்கா?" ஞானமேரி உள்ளே போய்விட்டாள். வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை கண்ணையனின் ஸ்டுடியோவுக்கு அவள் தனியாக வந்தாள். அருளானந்தம் காக்கியில் வரட்டுமா என்று கேட்டு அனுப்பியதற்கு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவர்கள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கவில்லை. எடுக்கிற வழக்கம் அப்போது பெரிய வீடுகளில்தான் இருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள், முதல் தரமாக மலையும் அருவியும் வரைந்த திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நடுவே ஒரு ஆள் புகுந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது.

"கொஞ்சம் நெருங்கி ஒக்காருங்க" என்றான் கண்ணையன்.

இருவரும் அசையவில்லை. மறுபடி சொன்னான். அருளானந்தம் ஓரக்கண்ணால் பார்த்தார், அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணையன் சலித்துப்போய்க் காமிராப் பெட்டியை இரண்டடி பின்னால் நகர்த்தி, இரண்டு பேரையும் உள்ளே அடக்கி எடுத்துவிட்டான்.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது ஞானமேரி கேட்டாள். "இந்தப் பணம் எனக்கு எப்ப வரும்?"

"நான் போனப்பறம்."

"போயிட்டீங்கன்னு எனக்கு யாரு வந்து சொல்றது?"

அருளானந்தம் வாயைத் திறந்தார். வீட்டுக்காரர் கடலூரில். பக்கத்து அறையில் நூல் மூட்டை. ஸ்டேஷனில் சொல்வார்கள் என்று சொல்லப் பார்த்தார், ஆனால் ஜூன் மாதத்துக்குப் பிறகு ஸ்டேஷனில் அவரை யார் தேடப் போகிறார்கள்? சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த சொல்தாக்கள்கூட, ரெத்ரேத் என்கிற பிரெஞ்சு பென்ஷன் வாங்க வருஷத்துக்கு ஒரு தரம் பிரெஞ்சு கொன்சுலா ஆபீசில் போய் நின்று, உசுரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருகிறார்கள். இவரும் வருஷத்துக்கு ஒரு தரம் ஆபீசில் போய் அப்படிக் காட்டத்தான் வேண்டும். நடுவில் அறைக்குள் செத்துக் கிடந்தால், நாற்றம் வந்துதான் தெரு தெரிந்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் அவர் அதுவரை நினைத்ததே இல்லை. 

"யாரும் இல்ல" என்றார்.

ஞானமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம எங்க பூசைக்குப் போறீங்க?"

"சம்பா கோயிலுக்கு."

"பூச முடிஞ்சு எங்க தெரு வழியா சைக்கிள்ல வாங்க. பெல்லு அடிச்சிட்டுப் போங்க. நிக்க வேணாம், எறங்க வேணாம்."

"ஒரு வாரம் வரலன்னா?"

"வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் வருகிற பக்கம் நடந்தாள்.

படம் மூன்று காப்பி ஆபீசுக்குப் போயிற்று. கண்ணையனிடம் சொல்லி நாலாவது ஒன்று போட்டு வாங்கி, அருளானந்தம் அறையில் மாதா படத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டார். மொத்தமாக ஒரு பங்கு வாங்கி லாஸ்பேட்டையில் மனை போடு என்று ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். மாசாமாசமே வரட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மனை வாங்கி வீடு கட்டி அதில் யாரை வைப்பது?

ஜூன் கடைசியில் மாலை போட்டு, மிக்சரும் டீயும் கொடுத்து, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ரிடையராகிறவரை ஜீப்பில் வைத்து வீட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம். வாசலில் பெண்டுகள் ஆலம் சுற்றி, ஜீப்போடு வந்தவர்களுக்குக் கலர் சோடா கொடுப்பார்கள். முத்தியால்பேட்டைச் சந்து முனையில் ஜீப் நின்றது. கொளஞ்சி கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். அருளானந்தம் மாலையோடு நின்று பூட்டைத் திறந்தார். கொளஞ்சி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தான். "சரி ஏட்டய்யா, வரட்டுமா" என்றான். ஜீப் திரும்பிப் போகிற சத்தம் முழுக்கக் கேட்டு முடிகிறவரை அருளானந்தம் மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் அழுதார். ஆண்பிள்ளை, அதுவும் போலீஸ்காரர், அழுதார் என்று எழுதுவதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

அதற்கப்புறம் வாரத்தில் ஏழு நாள் என்பது போய் ஒரே ஒரு நாள் ஆயிற்று. மற்ற ஆறும் அந்த ஒன்றுக்காகக் காத்துக்கிடக்கிற நாட்கள். சனிக்கிழமை சாயங்காலம் சங்கிலிக்கு எண்ணெய் விடுவார், டயரை அமுக்கிப் பார்ப்பார், பெல்லைத் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பி, வீடு வந்ததும் இரண்டு தரம் அடிப்பார். நிற்க மாட்டார், இறங்க மாட்டார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழகின உடம்பு. உள்ளேயிருந்து செம்பை டங்கென்று தரையில் வைக்கிற சத்தம் வரும். அதுதான் பதில். ஒரு வாரம் அது வரவில்லை. தெருக்கோடி வரை போனவர் திரும்பி வந்து மறுபடி அடித்தார். "கேட்டுச்சு, கேட்டுச்சு, மாவாட்டிக்கிட்டு இருந்தேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த வாரம் முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார்.

வேண்டுமென்றே ஒரு வாரம் போகாமல் இருந்து பார்த்தால் என்ன என்றுகூட ஒரு சபலம் வந்தது. வருவாளா? வந்தால் சரி, வராவிட்டால்? அதைத் தெரிந்துகொள்ளத் தைரியம் இல்லாததால் தவறாமல் போய்க்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை படுத்தவர் ஞாயிற்றுக்கிழமை எழுந்து சட்டையைப் போட்டார். சைக்கிளைப் பிடித்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே திரும்பி வந்து பாயில் விழுந்தார். பூசை மணி கேட்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது. இந்நேரம் ரயில்வே கேட், இந்நேரம் தெரு முனை என்று படுத்தபடியே போய்க்கொண்டிருந்தார். பெல் அடிக்காமல் வீடு தாண்டிப் போயிற்று. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் ஆயிற்று, யாரும் வரவில்லை. ராத்திரியும் கழிந்தது. அவளுக்கு என்ன, மழையில் எங்கேயோ ஒதுங்கியிருப்பார் என்று நினைத்திருப்பாள், அல்லது நினைக்கவே இல்லை, இரண்டில் ஒன்று என்று தன்னைத் தானே சமாதானம் பண்ணிக்கொண்டார். சமாதானம் ஆகவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தார்.

ஞானமேரி நின்றாள். வெளிர் நிறப் புடவை, கையில் ஒரு பை, இன்னொரு கையில் தூக்குச்சட்டி. மேலும் கீழும் அவரைப் பார்த்தாள்.

"உசுரோடதான் இருக்கீங்களா?"

"காச்ச."

"நேத்தே வந்திருப்பேன். மடத்துல விருந்து, வுட மாட்டேன்னுட்டாங்க" என்று உள்ளே வந்தாள். பையைச் சுவரோரம் வைத்தபோது அதன் வாய் திறந்து உள்ளே இருந்தது தெரிந்தது. ஒரு ஜெபமாலை, இரண்டு மெழுகுவர்த்தி, ஆபீசில் கொடுத்த பென்ஷன் காகிதத்தின் நகல். தூக்குச்சட்டியில் குழைய வடித்த சோறும் மிளகு ரசமும். இரண்டில் எது தேவைப்படுமோ என்று இரண்டுக்கும் தயாராக வந்திருந்தாள்.

அருளானந்தம் இரண்டையும் பார்த்தார்.  தான் செத்தால் மெழுகுவர்த்தி ஏற்ற இந்த ஊரில் ஒரு ஆள் பஸ் ஏறி வரும் என்பது அவருக்கு உயிரோடு இருக்கும்போதே தெரிந்துவிட்டது.

தட்டை எடுத்துப் போட்டுச் சோறு பிசைந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டார். கடைசி வாய் வரை அவள் பார்வை தட்டிலேயே இருந்தது.

"போயிக் கை கழுவிட்டு வாங்க" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."

பின்பக்கம் மழைத்தண்ணீர் நிரம்பின தொட்டி இருந்தது. அருளானந்தம் கையை விட்டுக் கழுவினார். உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை. தான் திரும்புவதற்குள் அவள் போய்விட்டிருப்பாள் என்று அவருக்குத் திடீரென்று பயம் பிடித்தது. ஈரக் கையைத் துடைக்காமல் அவசரமாக வந்தார்.

போகவில்லை. சுவரில் இருந்த படத்தின் முன்னால் நின்றிருந்தாள்.

"எவ்ளோ தள்ளி ஒக்காந்திருக்கோம் பாருங்க" என்றாள்.

"அவன் சொன்னான். நாமதான் கேக்கல."

அவள் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள், பையை எடுத்துக்கொண்டாள், வாசலில் செருப்பைப் போட்டாள். மழை விட்டிருந்தது. ஆரோக்கியம் பட்டறையிலிருந்து வருகிற நேரம், சோறு வைக்க வேண்டும் என்றாள்.

"ஞாயித்துக்கெழம வந்துடுங்க. அன்னிக்கும் காச்சலா இருந்தா படுத்திருங்க, நான் வரேன்."

சந்து முனை திரும்புகிறவரை அருளானந்தம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். அறையில் மறுபடி கடிகாரச் சத்தம் மட்டும்தான். படுக்கப் போனவர் நின்று, சைக்கிளின் முன் டயரை ஒரு தரமும் பின் டயரை ஒரு தரமும் அமுக்கிப் பார்த்தார். பின் டயரில் காற்று குறைந்திருந்தது. சனிக்கிழமைக்குள் அடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தார்.